பிரீமியத்தில் ஏறும் அரசியல்

2017 அக்டோபர் நடுவில் பென்சில்வேனியா மாநிலக் காப்பீட்டுத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் அடுத்த ஆண்டுப் பிரீமியம் சராசரியாக 30.6 சதவீதம் உயரும் என்றது. கூடவே இன்னோர் எண்ணையும் சொன்னது: மத்திய அரசு தான் தரவேண்டிய ஒரு தொகையைத் தொடர்ந்து தந்திருந்தால், உயர்வு 7.6 சதவீதத்தோடு நின்றிருக்கும். மருந்து விலை, மருத்துவமனைக் கட்டணம், நோயாளிகளின் எண்ணிக்கை எல்லாம் இரண்டு கணக்குகளிலும் ஒன்றேதான். இடையில் இருக்கும் 23 புள்ளிகள் வாஷிங்டனில் எடுக்கப்பட்ட ஒரே ஒரு முடிவின் விலை.

அரசியல் பிணக்குக்கு இவ்வளவு துல்லியமாக விலை குறிக்கப்படுவது அபூர்வம். காப்பீட்டுத் துறையில் அது நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் விற்பது அடுத்த ஆண்டுக்கான உறுதிமொழியை. அதற்குப் பின்னால் அரசின் உறுதிமொழி ஒன்று நிற்கும்போது, அது எத்தனை காலம் தாங்கும் என்பதையும் கணக்காளர்கள் எடைபோட்டுத்தான் விலை வைப்பார்கள். ஒரு கட்சி மட்டும் தந்த வாக்கு அடுத்த தேர்தலில் போய்விடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சந்தேகமும் பிரீமியத்தில் ஏறிவிடும். கட்சிகள் ஒத்துழைப்பதை அரசியல் நாகரிகம் என்ற அளவில்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டின் கடந்த பன்னிரண்டு ஆண்டுக் கதையைப் படிப்பவருக்கு, அது சாமானியர் மாதந்தோறும் கட்டும் பணத்தில் ஒரு பகுதி என்பது விளங்கும்.

யாருடைய சந்தை?

அமெரிக்கர்களில் பாதிப் பேருக்கு வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகவே மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு. இந்த மூன்றிலும் அடங்காதவர்கள் தாமாகப் பாலிசி வாங்கவேண்டும்: சொந்தத் தொழில் செய்பவர்கள், விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், அறுபது வயதிலேயே வேலையை விட்டவர்கள். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இவர்களுக்காக ஒரு சந்தையை ஏற்படுத்தியது. 2014 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2017இல் அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். அமெரிக்க மக்கள்தொகையில் இது சிறு பங்குதான். ஆனால் இரு கட்சிகளின் சண்டை முழுவதும் இவர்கள் தலைமேல்தான் நடந்தது.

புதிய சட்டப்படி, நோய் இருக்கிறது என்று சொல்லி யாருக்கும் பாலிசியை மறுக்க முடியாது. அவரிடம் கூடுதல் விலையும் கேட்க முடியாது. நியாயமான விதி இது. ஆனால் சீட்டு எடுக்கும் மாதத்தில் மட்டும் சேருவேன் என்று எல்லோரும் சொன்னால் சீட்டு நடக்காது. நோய் வந்தபின் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்கினால், உள்ளே இருப்பவர்களுக்கு விலை ஏறும். விலை ஏற ஏற இன்னும் பலர் வெளியேறுவார்கள்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் அச்சமன்று. வாஷிங்டன் மாநிலம் 1993இல் இதேபோன்ற சட்டம் இயற்றியது. எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற பகுதி 1995இல் நீக்கப்பட்டது. யாரையும் மறுக்கக் கூடாது என்ற பகுதி தங்கிவிட்டது. 1999 முடிவதற்குள் அங்கே பெரும்பாலான மாவட்டங்களில் புதிதாகத் தனிநபர் பாலிசி வாங்க வழியே இல்லாமல் போனது. பின்னாளில் இரு கட்சிச் சமரசத்துக்கு முன்னின்ற செனட்டர் பாட்டி மர்ரே அந்த மாநிலத்துக்காரர்.

இதைத் தடுக்கத்தான் ஒபாமா சட்டத்தில் காப்பீடு எடுக்காதவருக்கு அபராதமும், வருமானத்துக்கேற்ற மானியமும், நிறுவனங்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் தாங்குதலும் வைத்தார்கள். அந்தத் தாங்குதல்களில் ஒன்று எளிய ஏற்பாடு: கணித்ததைவிட அதிக லாபம் வந்தால் ஒரு பங்கை அரசுக்குக் கொடு, அதிக நஷ்டம் வந்தால் அரசு ஒரு பங்கைத் தாங்கும். நிறுவனங்கள் இதை நம்பி விலையைக் குறைத்து வைத்தன. 2014 டிசம்பரில் நிறைவேறிய செலவின மசோதாவில் குடியரசுக் கட்சியினர் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: லாபக்காரர்களிடம் வரும் பணத்துக்குள்தான் நஷ்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம், கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது. முதல் ஆண்டுக்கு நிறுவனங்களுக்குச் சேரவேண்டியது 287 கோடி டாலர். வசூலானது 36.2 கோடி. டாலருக்குப் பன்னிரண்டரை காசு.

பெரிய நிறுவனங்கள் சமாளித்துக்கொண்டன. போட்டியை வளர்ப்பதற்கென்றே அரசுக் கடனில் தொடங்கப்பட்ட 23 கூட்டுறவுக் காப்பீட்டு அமைப்புகளில் 12, 2015 முடிவதற்குள் மூடப்பட்டன. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில், அரசு அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மொத்தம் 1,200 கோடி டாலருக்கும் மேல். மூடிய கூட்டுறவுகளில் காப்பீடு வைத்திருந்தவர்கள் அதற்குள் வேறெங்கோ போயிருந்தார்கள்.

ஜூலை முதல் அக்டோபர் வரை

பென்சில்வேனியாவின் 23 புள்ளிகளுக்குக் காரணமான தொகை வேறொன்று. சந்தையில் பாலிசிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் உண்டு. வெள்ளிப் பாலிசி சராசரியாக மருத்துவச் செலவில் 70 சதவீதத்தை ஏற்கும். மீதி நோயாளியின் கைக்காசு. வருமானம் குறைந்தவருக்கு அந்த மீதியே பெரும் சுமை என்பதால், அவர்கள் வெள்ளிப் பாலிசி எடுத்தால் நிறுவனம் 94 சதவீதம்வரை ஏற்கவேண்டும், கூடுதல் செலவை அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தரும் என்றது சட்டம். சந்தையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தச் சலுகையில் இருந்தார்கள். 2017இல் இதற்கு ஆன செலவு சுமார் 700 கோடி டாலர்.

சட்டத்தை எழுதியவர்கள் செய்த பிழை, இந்தத் தொகைக்கு நிதி ஒதுக்கீட்டைத் தெளிவாக எழுதாமல் விட்டது. குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்த பிரதிநிதிகள் அவை 2014இல் வழக்குத் தொடுத்தது. 2016 மே மாதம் நீதிபதி ரோஸ்மேரி காலியர், நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தை அரசு கொடுத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டுக்காகத் தீர்ப்பை நிறுத்தியும் வைத்தார். ஆக, 2017இல் அதிபரான டிரம்ப் நினைத்த மாதத்தில் பணத்தை நிறுத்தலாம் என்ற நிலை. மாதாமாதம் அந்த மிரட்டல் வந்தது. நிறுவனங்களின் கடமையோ மாறவில்லை: அரசு பணம் தந்தாலும் தராவிட்டாலும் சலுகையை அவை கொடுத்தாகவேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 28 அதிகாலை, ஒபாமா சட்டத்தைக் குலைக்கும் கடைசி மசோதா செனட்டில் 49-51 என்று தோற்றது. குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டிய அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. அடுத்த சில நாட்களில் நடந்ததை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. செனட்டின் சுகாதாரக் குழுத் தலைவர் லமார் அலெக்சாண்டர், குழுவின் மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினரான மர்ரேயுடன் சேர்ந்து, சந்தையை நிலைப்படுத்துவதற்கு விசாரணைக் கூட்டங்கள் நடத்தப்போவதாக அறிவித்தார். அலெக்சாண்டர் டென்னசியின் முன்னாள் ஆளுநர். மர்ரே மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 2015இல் பள்ளிக் கல்விச் சட்டத்தையும் 2016இல் மருத்துவ ஆராய்ச்சிச் சட்டத்தையும் இருவரும் சேர்ந்து நிறைவேற்றியிருந்தார்கள்.

அலெக்சாண்டருக்கு இது கொள்கை விவகாரம் மட்டுமன்று. அந்தப் பிப்ரவரியில் ஹியூமானா நிறுவனம் அடுத்த ஆண்டு சந்தையிலிருந்து விலகுவதாக அறிவித்ததும், அவருடைய மாநிலத்தில் நாக்ஸ்வில்லைச் சுற்றியுள்ள 16 மாவட்டங்களில் ஒரு நிறுவனம்கூட இல்லாத நிலை வந்தது. ஏறக்குறைய 40,000 பேரின் கையில் மானியம் இருந்தும் வாங்கப் பாலிசி இருக்காது. மே மாதம் மாநிலத்தின் புளூ கிராஸ் நிறுவனம் முன்வந்த பிறகுதான் அந்த ஆபத்து நீங்கியது. ஒஹாயோவின் பால்டிங் மாவட்டத்துக்கு ஆகஸ்ட் பிற்பகுதிவரை ஆள் கிடைக்கவில்லை.

செப்டம்பரில் நான்கு கூட்டங்கள். முதல் நாள் ஐந்து மாநிலக் காப்பீட்டு ஆணையர்கள், மறுநாள் ஐந்து ஆளுநர்கள். மாசசூசெட்ஸின் சார்லி பேக்கர், டென்னசியின் பில் ஹாஸ்லம், யூட்டாவின் கேரி ஹெர்பர்ட் ஆகியோர் குடியரசுக் கட்சி. மொன்டானாவின் ஸ்டீவ் புல்லக், கொலராடோவின் ஜான் ஹிக்கன்லூப்பர் ஜனநாயகக் கட்சி. கூட்டங்களுக்கு முன்பு, குழுவில் இல்லாத செனட்டர்களையும் காபிக்கு அழைத்துச் சாட்சிகளோடு பேசவைத்தார் அலெக்சாண்டர். செனட்டின் பாதிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏதோ ஒரு வகையில் கலந்துகொண்டார்கள். ஏழு ஆண்டுகளாக இந்தச் சட்டத்தைப் பற்றி ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தவர்கள், நடைமுறையில் எது உடைந்திருக்கிறது என்று முதல்முறையாகக் கேட்டார்கள். இரு கட்சிச் சாட்சிகளும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: அந்தப் பணத்தைக் கொடுங்கள், மறுகாப்பீட்டுக்கு (மிக அதிகச் செலவாகும் நோயாளிகளின் செலவில் ஒரு பங்கைத் தனி நிதி தாங்கும் ஏற்பாட்டுக்கு) உதவுங்கள், மாநிலங்களுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

அக்டோபர் 12 இரவு டிரம்ப் பணத்தை நிறுத்தினார். ஐந்து நாள் கழித்து அலெக்சாண்டரும் மர்ரேயும் உடன்பாட்டை அறிவித்தார்கள். 2019 முடியும்வரை சலுகைத் தொகை. மாநிலங்கள் விதிவிலக்குக் கேட்கும் நடைமுறையில் எளிமை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களும் பெரும் மருத்துவச் செலவுக்கு மட்டுமான குறைந்த விலைப் பாலிசி வாங்க அனுமதி. மக்களுக்குத் தகவல் சொல்ல இரண்டு ஆண்டுகளுக்குச் சுமார் 10.6 கோடி டாலர். அரசு ஏற்கெனவே விளம்பரச் செலவை 90 சதவீதம் வெட்டியிருந்ததால் கடைசி அம்சம் சிறியதன்று. இரு தரப்பும் மனமில்லாமல் விட்டுக்கொடுத்த உடன்பாடு இது. அதுவே அதன் தகுதி. 12 குடியரசுக் கட்சியினரும் 12 ஜனநாயகக் கட்சி அணியினரும் சேர்ந்து மசோதாவுக்குப் பெயர் கொடுத்தார்கள். அது பத்தாண்டில் பற்றாக்குறையை 380 கோடி டாலர் குறைக்கும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணித்தது. வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் செனட்டில் நிறைவேறியிருக்கும் என்றே நினைக்கிறேன். அறிவித்த அன்று ஆதரித்துப் பேசிய டிரம்ப், மறுநாள் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பணம் கொட்டும் வேலை என்று எதிர்த்தார். மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை.

வெள்ளியில் ஏற்றிய சுமை

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. பணம் வராது என்றானதும், கலிபோர்னியா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் ஒரு வழி கண்டன: நஷ்டம் முழுவதையும் வெள்ளிப் பாலிசிகளின் விலையில் மட்டும் ஏற்றுங்கள் என்று நிறுவனங்களிடம் கூறின. மானியம் கணக்கிடப்படுவது வெள்ளிப் பாலிசியின் விலையை வைத்துத்தான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒருவர் தன் வருமானப்படி மாதம் 200 டாலர் கட்டினால் போதும். வெள்ளியின் விலை 400 என்றால் மானியம் 200. விலை 480 ஆனால் மானியம் 280. வெண்கலத்தின் விலை 290 டாலரிலேயே நிற்கிறது என்றால், அதே மானியத்தைக் கொண்டு பத்து டாலரில் அவர் வெண்கலப் பாலிசி வாங்கிவிடலாம். சில ஊர்களில் தங்கப் பாலிசி வெள்ளியைவிட மலிவாகக் கிடைத்தது.

பணத்தை நிறுத்தினால் பற்றாக்குறை பத்தாண்டில் 19,400 கோடி டாலர் கூடும் என்று பட்ஜெட் அலுவலகம் ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்தது. ஆண்டுக்கு 700 கோடியை மிச்சம்பிடிப்பதாக நினைத்து அரசு அதைவிடப் பெரிய பில்லை ஏற்றுக்கொண்டது. பணத்தைத் திரும்பக் கேட்டுப் பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்தபோது, இடைக்கால உத்தரவு தர மறுத்த நீதிபதி வின்ஸ் சாப்ரியா, மாநிலங்கள் கண்டுபிடித்த இந்த வழியால் ஏழைகள் முன்பைவிட நன்றாகவே இருப்பார்கள் என்பதைத்தான் காரணமாகச் சுட்டினார்.

அப்படியானால் சமரசம் தோற்றது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இடதுசாரிப் பக்கம் பல பொருளியலாளர்கள் அப்போதே சொன்னது அதுதான். மானியம் பெறுபவர்களை மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. ஆனால் வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டியவர்களுக்கு அன்று மானியம் ஒரு காசும் கிடையாது. உயர்வை எல்லாப் பாலிசிகளிலும் பரப்பிய மாநிலங்களில் அவர்களே முழு விலையையும் சுமந்தார்கள். இன்னொரு விளைவு இதைவிட ஆழமானது. மறைமுக வழி வேலை செய்யத் தொடங்கியதும், நேர்வழியில் பணத்தை ஒதுக்கினால் மானியம் குறைந்துவிடும் என்ற நிலை உருவானது. முந்தைய இலையுதிர்காலத்தில் ஜனநாயகக் கட்சி கேட்டுக்கொண்டிருந்த ஒன்றையே அடுத்த வசந்தத்தில் அது சந்தேகத்தோடு பார்த்தது. சமரசம் செய்துகொள்ள இருந்த காரணம் கரைந்துவிட்டது.

அதற்குள் 2017 டிசம்பரின் வரிச் சட்டம், காப்பீடு எடுக்காதவருக்கான அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு வாக்களித்த மெய்ன் மாநிலச் செனட்டர் சூசன் காலின்ஸ், பதிலுக்கு நிலைப்படுத்தும் மசோதாக்களை நிறைவேற்றித் தருவதாகக் கட்சித் தலைமையிடம் உறுதி வாங்கியிருந்தார். 2018 மார்ச்சில் அவரும் அலெக்சாண்டரும் மூன்று ஆண்டுகளுக்கு 3,000 கோடி டாலர் மறுகாப்பீட்டு நிதியோடு பெரிய திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அது கருக்கலைப்பு விவகாரத்தில் முறிந்தது. கருக்கலைப்புக்குச் செலவு ஏற்கும் எந்தப் பாலிசிக்கும் இந்தப் பணம் போகக் கூடாது என்றது குடியரசுக் கட்சி. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் கருக்கலைப்பைப் பாலிசியில் சேர்த்தே ஆகவேண்டும் என்பது மாநில விதி. ஆகவே மர்ரே மறுத்தார்.

அலாஸ்காவும் மேரிலாந்தும்

வாஷிங்டன் நகரில் இப்படி முறிந்துகொண்டிருந்தபோதே, இரு கட்சி உடன்பாடு வேறிடத்தில் பலித்தது.

அயோவா மாநிலத்தின் வெல்மார்க் நிறுவனம் 2017இல் ஒரு தகவலை வெளியிட்டது: கடுமையான ஹீமோபிலியா உள்ள ஒரே நோயாளியின் சிகிச்சைக்கு மாதம் சுமார் 10 லட்சம் டாலர் ஆகிறது, தாம் கேட்ட பிரீமிய உயர்வில் 10 சதவீதப் புள்ளிகள் அந்த ஒருவருக்காக மட்டும். இரத்தம் உறையாத நோயோடு பிறந்தது அவர் குற்றமில்லை. சந்தை சிறியதாக இருப்பதுதான் சிக்கல். நாடு முழுவதிலும்கூட மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி, 5 சதவீத மக்களுக்கு ஆவதுதான். சிறு மாநிலத்தில் இப்படி நாலைந்து பேர் சேர்ந்தால் சந்தையே ஆட்டம் காணும்.

அலாஸ்காவில் அதுதான் நடந்தது. தனிநபர் பாலிசி எடுத்தவர்கள் அங்கே இருபதாயிரம் பேர் அளவில்தான். 2017க்கு பிரெமெரா என்ற ஒரே நிறுவனம் மிஞ்சியது. அதுவும் சுமார் 40 சதவீத உயர்வு தேவைப்படும் நிலையில் இருந்தது. கட்சி சாராத ஆளுநர் பில் வாக்கரும், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றமும் 2016இல் காப்பீட்டு வரியிலிருந்து 5.5 கோடி டாலரை ஒதுக்கினார்கள். குறிப்பிட்ட 33 கடும் நோய்கள் உள்ளவர்களின் செலவு அந்த நிதிக்குப் போகும். நோயாளியின் பாலிசி, மருத்துவர் எதுவும் மாறாது. உயர்வு சுமார் 7 சதவீதத்தில் நின்றது.

பிறகு மாநிலக் காப்பீட்டு இயக்குநர் லோரி விங்-ஹயர் மத்திய அரசிடம் ஒரு நியாயத்தை முன்வைத்தார். எங்கள் பணத்தால் பிரீமியம் குறைந்தது; பிரீமியம் குறைந்ததால் நீங்கள் தரும் மானியம் குறைந்தது; அந்த மிச்சம் எங்களுடையது. 2017 ஜூலையில், ஒபாமா சட்டத்தை ஒழிக்கும் முயற்சி உச்சத்தில் இருந்தபோது, டிரம்ப் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 2018இல் அலாஸ்காவின் பிரீமியம் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இதற்கு இடம் தந்தது ஒபாமா சட்டத்தின் 1332ஆம் பிரிவு. மாநிலங்கள் தம் வழியில் செய்துபார்க்கலாம் என்ற அந்தப் பிரிவை வலியுறுத்திச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஆரிகன் மாநில ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ரான் வைடன். அதற்கு முன்பு, 2007இல், யூட்டாவின் குடியரசுக் கட்சிச் செனட்டர் பாப் பென்னட்டோடு சேர்ந்து முழுமையான காப்பீட்டுச் சீர்திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர். அந்த மசோதா நிறைவேறவில்லை. பென்னட் 2010 மே மாதம் தன் கட்சியின் மாநில மாநாட்டிலேயே மறுவேட்பாளர் தகுதியை இழந்தார். வைடனோடு சேர்ந்தது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. கைகோத்தவரைக் கட்சி தண்டித்தது. அந்த உறவில் ஊறிய சிந்தனை மட்டும் ஒரு சட்டப் பிரிவாகத் தங்கி, பத்தாண்டு கழித்து இரு கட்சி ஆளுநர்களுக்கும் உதவியது. இந்த வரலாற்றில் எனக்கு அதிகம் நம்பிக்கை தரும் பகுதியும் வருத்தம் தரும் பகுதியும் இதுவே.

மேரிலாந்தை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். ஆளுநர் லாரி ஹோகன் குடியரசுக் கட்சி. சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம். 2018 தொடக்கத்தில் அங்கே இரண்டே நிறுவனங்கள் மிச்சம். பெரியதான கேர்ஃபர்ஸ்டின் தலைவர் செட் பர்ரெல், விலை ஏறி ஆட்கள் வெளியேறும் சுழல் தொடங்கிவிட்டது என்று வெளிப்படையாக எச்சரித்தார். மேரிலாந்துச் சட்டமன்றம் ஆண்டுக்கு 90 நாட்கள்தான் கூடும், ஏப்ரலில் கலைந்துவிடும். நவம்பரில் தேர்தல். தீர்வு இல்லாமல் கலைந்தால் செப்டம்பரில் விலை உயர்வு அறிவிக்கப்படும்போது இரு தரப்புமே வாக்காளர் முன் நிற்கவேண்டும்.

பணத்துக்கு வழியும் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள்மேல் மத்திய அரசு விதித்திருந்த ஒரு வரி 2019க்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்த ஓராண்டு விடுப்பை நிறுவனங்கள் லாபமாக வைத்துக்கொள்ள விடாமல், 2.75 சதவீத மாநில வரியாகப் பிடித்து மறுகாப்பீட்டு நிதியில் போட்டார்கள். ஒரு நோயாளியின் ஆண்டுச் செலவு 20,000 டாலரைத் தாண்டினால், இரண்டரை லட்சம் டாலர்வரை அதில் 80 சதவீதத்தை நிதி ஏற்கும். ஆகஸ்டில் மத்திய அரசின் ஒப்புதல் வந்தது. நிறுவனங்கள் கேட்டிருந்தது சராசரியாக 30 சதவீத உயர்வு. 2019இல் பிரீமியம் 13.2 சதவீதம் குறைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் மேலும் குறைந்தது. 2021க்கு யுனைட்டெட் ஹெல்த்கேர் திரும்பி வந்தது. ஆளுநர் மாளிகை கட்சி மாறிய பிறகும் ஏற்பாடு தொடர்கிறது.

விஸ்கான்சினில் ஆளுநர் ஸ்காட் வாக்கர், மினசோட்டாவில் ஆளுநர் மார்க் டேட்டன், ஆரிகன், நியூஜெர்சி, மெய்ன் என்று இரு கட்சி மாநிலங்களும் இதே பாதையில் போயின. டேட்டன் கையெழுத்துகூடப் போடவில்லை. எதிர்க்கட்சிச் சட்டமன்றம் அனுப்பிய மசோதாவைத் தானாகச் சட்டமாக விட்டுவிட்டார். முழு உடன்பாடு இல்லாதபோதும் வழிமறிக்காமல் இருப்பது ஒத்துழைப்பில் ஒரு வகை. டிரம்ப் அரசு ஒப்புதல் தந்த இந்தத் திட்டங்களை பைடன் அரசு நீட்டித்தது. ஒபாமா சட்டத்தில் இரு அரசுகளும் ஒரே மாதிரி போற்றிய பகுதி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

அளவும் ஆயுளும்

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றைச் சொல்லியாகவேண்டும். மக்களை அதிகம் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது இரு கட்சி உடன்பாடு எதுவுமன்று. 2021இல் ஜனநாயகக் கட்சி வாக்குகளால் மட்டுமே நிறைவேறிய சட்டம் மானியத்தை உயர்த்தியது. நான்கு மடங்கு வரம்பை நீக்கி, பிரீமியம் யாருக்கும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் போகாது என்றாக்கியது. 2020இல் ஒரு கோடியே 14 லட்சமாக இருந்த சந்தை, 2025இல் இரண்டு கோடியே 40 லட்சமாக வளர்ந்தது. அலெக்சாண்டர்-மர்ரே மசோதாவால் காப்பீடு பெற்றவர்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் வராது என்றே பட்ஜெட் அலுவலகம் கணித்திருந்தது. ஒத்துழைப்பு என்பதற்காகவே ஒரு சிறு திட்டத்தைப் பெரிய திட்டத்துக்கு மேலாக வைக்க முடியாது.

ஆனால் அந்தப் பெரிய திட்டத்துக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்சி வாக்கோடு நிறைவேற்றும் நடைமுறையில் செலவைக் குறைத்துக் காட்டவேண்டிய நெருக்கடியால் முதலில் இரண்டு ஆண்டு, பிறகு 2025 டிசம்பர்வரை என்று எழுதினார்கள். 2025 இலையுதிர்காலத்தில் அதை நீட்டிக்கக் கோரி எழுந்த மோதலில் மத்திய அரசே 43 நாட்கள் முடங்கியது. நீட்டிப்பு கிடைக்கவில்லை. 2026க்கு விலை குறித்த நிறுவனங்கள் மானியம் போய்விடும், ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு மட்டும் ஏறக்குறைய 4 சதவீதப் புள்ளிகளைச் சேர்த்திருந்தன. பழைய வரம்பும் திரும்பியது. தனியாக வாழும் ஒருவரின் ஆண்டு வருமானம் 62,600 டாலரைத் தாண்டினால் மானியம் முழுவதும் போகும். அறுபது வயதில், மெடிகேர் வருவதற்குள், பிரீமியம் உச்சத்தில் இருக்கும்போது இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் நிலைமை கொடுமையானது.

2017இல் டிரம்ப் நிறுத்திய அந்தச் சலுகைத் தொகையும் 2025இல் திரும்பி வந்தது. இம்முறை அதை ஒதுக்கச் சொன்னது குடியரசுக் கட்சி. பிரதிநிதிகள் அவை மே மாதம் நிறைவேற்றிய பெரும் வரி மசோதாவில், கருக்கலைப்புத் தடையோடு சேர்த்து, அதை வைத்தார்கள். செனட்டில் அது உதிர்ந்தது. எதிர்த்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர், ஏனென்றால் இப்போது அது மானியத்தைக் குறைக்கும். எட்டு ஆண்டுகளில் இரு கட்சிகளும் இடம் மாறி நின்றுவிட்டன.

டிசம்பர் 11 அன்று செனட்டில் போட்டி மசோதாக்கள் இரண்டு வாக்கெடுப்புக்கு வந்தன. தேவை 60, இரண்டுக்கும் கிடைத்தது 51. மானியத்தை மூன்று ஆண்டு நீட்டிக்கும் மசோதாவுக்கு ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் நால்வர். அவர்களில் இருவர் அலாஸ்காவின் இரண்டு செனட்டர்கள், லிசா மர்கோவ்ஸ்கியும் டான் சல்லிவனும். மூன்றாமவர் சூசன் காலின்ஸ். பிரீமியம் தாங்க முடியாத மாநிலங்களின் பிரதிநிதிகள் கட்சிக் கோட்டைத் தாண்டுவதற்கு யாரும் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி ஓர் உடன்பாடு வருமானால் அதன் உருவம் பற்றி இந்த வரலாறு சில விஷயங்களைத் தெளிவாக்கிவிட்டது. மானியத்தின் நீளத்தைத் தேர்தல் சுழற்சிக்கு அப்பால் குறிக்கவேண்டும். நிறுவனங்கள் அடுத்த ஆண்டு விலையைச் சமர்ப்பிக்கத் தொடங்கும் மே மாதத்துக்கு முன் சட்டம் கையெழுத்தாகவேண்டும். 2017இல் அக்டோபரில் வந்த சமரசம், நல்ல சமரசமாக இருந்தும், அந்த ஆண்டு விலைக்குத் தாமதமாகிவிட்டது. மாநிலங்களின் மறுகாப்பீட்டுக்கு நிரந்தர மத்திய நிதி வேண்டும். இவற்றில் எதிலும் இரு கட்சிகளுக்கும் இடையே கடக்க முடியாத இடைவெளி இல்லை. கருக்கலைப்புப் பிரிவு வேறு வகை. இரு தரப்பிலும் அது மனச்சாட்சியின் கேள்வி, பணத்தைப் பங்கிட்டுத் தீர்க்க முடியாதது. 2018இல் அதைக் கடைசிவரை தீர்க்காமல் விட்டதால் மூன்று ஆண்டுத் திட்டமே கவிழ்ந்தது. 2025 நவம்பரிலும் டிசம்பரிலும் பேச்சு அதே இடத்தில்தான் தட்டி நின்றது. அடுத்த பேச்சுவார்த்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.